நான்கு கிரெடிட்டுக்காகச் சொன்ன பொய்

போன மாதம் நான் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து ஒரு போன் வந்தது. உளவியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் விரிவுரையாளர், தமிழ்ப் பெண். "மேடம், டிபார்ட்மென்ட் மலர் ஒண்ணு போடறோம். பசங்க சொந்தமா ஆராய்ச்சி பண்ணி கிரெடிட் வாங்கற இண்டிபெண்டென்ட் ஸ்டடி இங்க வந்ததே உங்களாலதானாமே? உங்க அனுபவத்த ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "பாஸிட்டிவா இருந்தா நல்லாருக்கும் மேடம்" என்றும் சேர்த்துக்கொண்டாள். என்னைப் பற்றி யாரோ அவளிடம் முன்கூட்டியே ஓதியிருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். பூவும் பொட்டுமாக, யார் மனமும் கோணாதபடி. அது அச்சாகிவிடும். அந்தப் பக்கத்தில் எழுதாததைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். கல்லூரியில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் போன் பண்ணிய அந்தப் பெண் ஒருத்திதான். அவள் படித்தால் படிக்கட்டும்.

நான் செகந்தராபாத் மாரெட்பள்ளியில் வளர்ந்தவள். அப்பா போலாரத்தில் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. எம்.ஏ. முடித்ததும் சோதனைக்கூட உதவி விரிவுரையாளராகச் சேர்ந்தேன். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் கருவி, வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் காட்டும் உருளை, நின்றுபோன ஸ்டாப் வாட்ச்சுகள், இவற்றுக்குத் தூசி தட்டுவதிலேயே என் இளமை போயிற்று. பிள்ளைகள் செய்யும் சோதனை எல்லாமே பழைய சோதனை. என்ன முடிவு வரும் என்று சோதனைக்கு முன்னாலேயே எல்லாருக்கும் தெரியும். அண்ணன் ரெக்கார்டைப் பார்த்துத் தம்பி எழுதுவான். தம்பியைப் பார்த்து அவன் சிநேகிதி எழுதுவாள். நான் கையெழுத்துப் போடுவேன். இதற்குப் பெயர் விஞ்ஞானம்.

பிறகு ஊரே கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்து அலைந்த காலம் வந்தது. அமீர்பேட்டையில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு. எங்கள் தெருவில் கல்யாண அழைப்பிதழில்கூட மாப்பிள்ளை பெயருக்குக் கீழே கம்பெனி பெயரைப் போட ஆரம்பித்தார்கள். சைக்காலஜி படிக்க வந்த பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றவர்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு நிற்பார்கள். அந்தச் சமயத்தில் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்தது. பாடங்களையெல்லாம் கிரெடிட்டாகப் பிரித்தார்கள். இந்த இடைவெளியில்தான் நான் புகுந்தேன். மாணவர் தானே ஒரு கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு ஓர் ஆசிரியரைத் துணைக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும், என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும், வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்து பேச வேண்டும், கடைசியில் அறிக்கையும் வாய்மொழித் தேர்வும். ஒப்பேற்றினால் நான்கு கிரெடிட், ஒரு முழுப் பாடத்துக்குச் சமம். கல்விக் குழுவில் இதை நிறைவேற்ற நான் பட்ட பாட்டை எழுதினால் அதுவே ஒரு மலர் ஆகும்.

முதல் வருஷம் போலாரத்திலிருந்து வந்த ஒரு பெண், பஸ்ஸில் யார் யாருக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தாள். தினமும் பஸ்ஸில்தான் வருகிறாள். அதையே படிப்பாக்கிக் கொண்டாள். அவள் எதிர்பார்த்தது எதுவுமே தேறவில்லை. வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர், "உன் முடிவு என்ன?" என்று கேட்டபோது, "நான் நெனச்சது தப்புன்னு தெரிஞ்சது சார்" என்றாள். அன்று நான் வீட்டுக்குப் போகும் வழியில் அரை கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போனேன். அந்த ஒரு வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று தாராளமாகச் சொல்வேன்.

எங்கள் ஹெச்.ஓ.டி.யைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தெலுங்கர், நல்ல உயரம், எப்போதும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். இங்கே அதைத் தமிழில் தருகிறேன். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் எதையாவது எதிர்த்துச் சொன்னால் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிடுவார். முழுவதும் கேட்பார். குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டார். நாம் முடித்து மூச்சு வாங்கும்போது, "நோட்டட்" என்பார். அவ்வளவுதான். பேனாவைத் திறந்து, முன்பே என்ன தீர்மானித்திருந்தாரோ அதை எழுதுவார். கத்துகிற மனிதரிடம் திருப்பிக் கத்தலாம். "நோட்டட்" என்கிறவரிடம் என்ன செய்வது? வாசல்வரை வந்து கதவைத் திறந்து வேறு விடுவார்.

என் திட்டத்தில் ஒரு விதியை மட்டும் அவர் சேர்த்தார். ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டுமே. முதலாண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் சில மணி நேரம் மூத்தவர்களின் சோதனைகளில் வந்து உட்கார வேண்டும், உட்கார்ந்தால்தான் செய்முறைப் பாடத்தில் மதிப்பெண். வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான் என்றார். நான் எதிர்த்தேன். நோட்டட்.

இரண்டாம் வருஷம் ஜோயல் வந்தான். கோயமுத்தூர்ப் பையன். அவன் அப்பா ஒரு மென்பொருள் கம்பெனிக்கு மேலாளராக வந்ததால் குடும்பமே இங்கே குடிபெயர்ந்திருந்தது. கெட்டிக்காரன், மரியாதைக்காரன். மேல்படிப்புக்கு அமெரிக்கா போக வேண்டும், அதற்குச் சொந்தமாகச் செய்த ஆராய்ச்சி கையில் இருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. அவன் கேள்வி நல்ல கேள்வி: உனக்குத் திறமை இல்லை என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால், அடுத்த காரியத்தில் அவர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்?

இதை ஆராய ஒரே வழிதான் உண்டு. பொய் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரு தேர்வு வைப்பது. அவர்கள் எப்படி எழுதினாலும் சரி, பாதிப் பேருக்கு 'சராசரிக்கு மேல்' என்றும் மீதிப் பேருக்கு 'சராசரிக்குக் கீழ்' என்றும் ஒட்டிய உறையில் முடிவு கொடுப்பது. யாருக்கு எந்த உறை என்பது வெறும் குலுக்கல். பிறகு கையை எடுக்காமல் வரையச் சொல்லி ஒரு படம். அதை யாராலும் வரைய முடியாது. எவ்வளவு நேரம் முயன்றுவிட்டு விடுகிறார்கள் என்று பார்ப்பது. எல்லாம் முடிந்ததும், உறையில் இருந்தது பொய், குலுக்கலில் வந்தது என்று அவர்களிடம் உடைத்துச் சொல்லிவிட வேண்டும். டீப்ரீஃபிங் என்போம். எங்கள் தொழிலில் பொய் சொல்ல அனுமதி உண்டு. ஆனால் அந்தப் பொய்யோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்ப அனுமதி இல்லை. நான் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

தேர்வாக நான் சொன்னது, புள்ளிகளைப் பார்த்து எத்தனை என்று ஊகிப்பது. அதில் மட்டம் என்று சொன்னால் யார் அழப் போகிறார்கள்? ஹெச்.ஓ.டி. பேனாவை மூடினார்.

"மேடம், புள்ளி எண்ணுவதில் யாருக்கு அக்கறை? அக்கறை இல்லாவிட்டால் விளைவும் இல்லை. இந்தப் பிள்ளைகள் எதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள்? சாஃப்ட்வேர் ஆப்டிட்யூட் டெஸ்ட் என்று போடுங்கள்."

"அதுல போய் பொய் சொல்லலாமா சார்? இந்த வருஷம் பாதிப் பிள்ளைங்க அதையேதான் நெனச்சிட்டு இருக்குதுங்க."

"அதனால்தான் சொல்கிறேன்."

"சரி, அன்னைக்கு அன்னைக்கே உடைச்சுச் சொல்லிடுவோம். அறையை விட்டுப் போறதுக்கு முன்னாடி."

"ஒருவருக்குச் சொன்னால் மாலைக்குள் கேன்டீன் முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்து வருகிறவர்கள் எல்லாம் தெரிந்தே வருவார்கள். கடைசி ஆள் முடிந்த பிறகு எல்லாரையும் சேர்த்து ஹாலில் வைத்துச் சொல்லிவிடலாம்."

இது அவர் கண்டுபிடித்த அக்கிரமம் இல்லை. எங்கள் துறையில் பலர் செய்வதுதான். முடிவுகள் கெட்டுப்போகாமல் இருக்க உண்மையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவது. அந்தக் கொஞ்ச நாளில் அந்தப் பொய் யார் வீட்டில் போய்ச் சாப்பிட்டுத் தூங்கும் என்று எந்தப் பாடப்புத்தகமும் கேட்பதில்லை. நான் கேட்டேன். நோட்டட் என்றார்.

கலைவாணியை எனக்கு அதற்கு முன் வகுப்பில் ஒரு முகமாகத்தான் தெரியும். கணிதமும் புள்ளியியலும் உளவியலும் எடுத்திருந்த முதலாண்டுப் பெண். சேலம் பக்கத்துக் குடும்பம். அப்பா மல்லாபூரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுபவர். அவள் வந்த அன்று நான் சோதனைக்கூடத்தின் பின் மேஜையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். படவரிசைகளைப் பார்த்து அடுத்தது என்ன என்று கண்டுபிடிக்கும் தேர்வு. மற்றவர்கள் பென்சிலைக் கடிக்கிற இடத்தில் இவள் நிற்காமல் எழுதிக்கொண்டே போனாள். நேரம் முடியுமுன்பே கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஜோயலைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜோயல் உள்ளே போய்விட்டு உறையோடு வந்தான். மனப்பாடம் செய்ததைப் பிசகாமல் சொன்னான்: "இது உங்க ரிசல்ட்டுங்க. படிச்சுப் பாருங்க." முகத்தில் எதுவும் தெரியக்கூடாது என்று கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தான். இலேசாகச் சிரித்தான்.

அவள் பிரித்துப் படித்தாள். 'இத்துறைக்கான திறன் சராசரிக்குக் கீழ்.' மறுபடியும் படித்தாள். பிறகு அந்தத் துண்டை நான்காக மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்து மூடினாள். வரையச் சொன்ன படத்தை ஒருமுறை முயன்றாள், இன்னொரு முறை. "வராதுங்க எனக்கு" என்று பென்சிலைக் கீழே வைத்தாள். ஜோயல் ஸ்டாப் வாட்ச்சை அழுத்தினான். அவள் போனதும் என்னிடம் ஓடிவந்து, "மேடம், ஹைபோதீசிஸ் கரெக்டா வருதுங்க" என்றான். பையனுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் விடைத்தாளைத் திருத்தினேன்.

எல்லாரும் முடித்து, ஹாலில் கூட்டினோம். ஜோயல் மேடையேறி உண்மையை உடைத்தான். ஹால் முழுக்க ஹோவென்று சத்தம். "அடப்பாவி!" என்று ஒருத்தி கத்தினாள். 'சராசரிக்கு மேல்' வாங்கியவர்கள் முகம் தொங்கிப்போக, மற்றவர்கள் அவர்களைக் கிண்டல் செய்ய, கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. நான் வரிசை வரிசையாகப் பார்த்தேன். கலைவாணியைக் காணவில்லை.

அவளோடு வருகிற பெண்ணைக் கேட்டேன். தெலுங்குப் பெண், அரைகுறைத் தமிழில் சொன்னாள். "அவ காலேஜ் வுட்டுட்டா மேடம். கம்ப்யூட்டர் குரூப்புக்கு மாறணும்னு டெஸ்ட் எழுதறதா இருந்தா. அப்பறம் எழுதல்ல. எனக்கு அந்த மூளை நஹீ, காலேஜ்லயே டெஸ்ட் வெச்சு சொல்ட்டாங்கன்னா."

முதலாண்டில் கணிதம் நன்றாக வருகிற பிள்ளைகள் ஒரு சிறு தேர்வு எழுதிக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம். கலைவாணி அதை நம்பித்தான் எங்கள் கல்லூரிக்கே வந்திருக்கிறாள். அவள் அப்பாவுக்கும் அவளுக்கும் பேச்சு அதுதான்: கம்ப்யூட்டர் கிடைத்தால் படி, கிடைக்காவிட்டால் வேலைக்குப் போ. ஜோயலின் உறை வந்ததற்கும் நாங்கள் உண்மையை உடைத்ததற்கும் நடுவில் அந்தத் தேர்வு வந்து போய்விட்டது. இவள் எழுதவே போகவில்லை. இப்போது மாத்திரை கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாளாம்.

நேராக ஹெச்.ஓ.டி. அறைக்குப் போனேன். பேனாவை மூடினார். நான் சொல்லி முடித்தேன்.

"வராதவர்களுக்காக விளக்கத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

"அவ காலேஜுக்கே வரல சார். நோட்டீஸ் போர்டு மல்லாபூருக்கு நடந்து போகுமா?"

"உங்கள் ஆதங்கம் புரிகிறது மேடம். நோட்டட்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜோயலின் ஸ்கூட்டர் பின்னால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து மல்லாபூர் போனேன். விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தோம். ஒரே வரிசையில் சிமென்ட் ஓடு போட்ட வீடுகள். கலைவாணி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மேடம், வாங்க. அம்மா, காலேஜ் மேடம் வந்திருக்காங்க!" என்று உள்ளே ஓடிப் பாயை விரித்தாள். அம்மா டீ போட அடுப்படிக்குப் போனார்.

ஜோயல்தான் சொன்னான். மனப்பாடம் செய்த வாக்கியம் எதுவும் அன்று அவனுக்குக் கைகொடுக்கவில்லை. "கலைவாணி, அது பொய்யுங்க. நான் குடுத்த கவரு சும்மா சீட்டுக் குலுக்கிப் போட்டதுங்க. நீங்க எழுதினதப் பாத்து எழுதினதே இல்லீங்க. உங்க பேப்பரத் திருத்தினேனுங்க. நீங்கதான் எல்லாருக்கும் மேல வந்தீங்க." திருத்திய தாளைக் கொண்டுவந்திருந்தான். அவள் முன்னால் வைத்தான்.

அவள் அதைத் தொடவில்லை. மரியாதைக்காக எட்டிப் பார்த்தாள். "சரிங்கண்ணா" என்றாள்.

"நெஜமாத்தாம்மா. நான் பக்கத்துலயே இருந்தேன், நீ எழுதினத நானே பாத்தேன்" என்றேன்.

"சரிங்க மேடம். நீங்க ரெண்டு பேரும் இவ்ளோ தூரம் எனக்காக வந்திருக்கீங்க. நல்ல மனசு." அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "ஆனா எனக்கு வருத்தம் இல்லீங்க. அந்தத் துண்டப் படிச்சதும் எனக்கே, ஆமா, அப்படித்தானேன்னு தோணிச்சு. ஸ்கூல்ல சில கணக்கு சுத்தமா வராது எனக்கு. அல்ஜீப்ரால ஒரு தடவ கம்மியா வாங்கினேன். எல்லாம் ஞாபகம் வந்திருச்சு."

"எல்லாருக்கும்தாம்மா சில கணக்கு வராது. அடுத்த வருஷம் திரும்ப வா. நானே அப்ளிகேஷன் போட்டு, அப்பாகிட்ட பேசி..."

"நக்கோ மேடம்." வேண்டாம் என்று சிரித்துக்கொண்டேதான் தலையாட்டினாள். பிறகு ஜோயலைப் பார்த்தாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் குரலில் கேட்டாள். "தப்பா நெனக்காதீங்கண்ணா. அன்னைக்கும் நீங்க இதே மாதிரிதான் சொன்னீங்க. அது பொய்யின்னு இன்னைக்கு சொல்றீங்க. இதுவும் டெஸ்ட்டுதானா? இதுக்கும் உங்களுக்கு மார்க் உண்டா?"

ஜோயல் எழுந்து வெளியே போய்விட்டான். நான் டீயைக் குடித்தேன். வேறென்ன செய்ய? அந்த வீட்டில் அந்த டீயைக் குடிக்காமல் வருவது இன்னொரு அவமரியாதை.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அழுதான். நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதுகிறேன் என்றான். எழுதவும் எழுதினான், ஒரு முழுப் பக்கம், நன்றாக எழுதியிருந்தான். ஹெச்.ஓ.டி. அதைப் படித்துவிட்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முதல்முறையாக அவர் முகத்தில் உற்சாகத்தைப் பார்த்தேன்.

"இது சுவாரஸ்யம் மேடம். பொய் என்று நிரூபித்த பிறகும் நம்பிக்கை நீடிக்கிறது. அந்தப் பெண்ணைச் சில மாதம் கழித்து மறுபடி சந்தித்துப் பேட்டி எடுக்க முடியுமா? தனிக் கட்டுரையாகவே வரும்."

"அவள திரும்ப காலேஜ்ல சேக்க முடியுமான்னு நான் கேக்கறேன் சார்."

"அது நிர்வாகத்தின் விஷயம். நாம் விஞ்ஞானத்தைப் பேசுகிறோம்." பேட்டிக்கு நாங்கள் இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் உற்சாகம் வடிந்தது. "அப்படியானால் இந்தப் பக்கம் வேண்டாம். தனி ஆள் கதை அறிக்கையில் எதற்கு? 'ஒருவர் பாதியில் விலகினார், அவரது தரவு சேர்க்கப்படவில்லை' என்று போடு."

பாதியில் விலகினார். சோதனையை முடித்தும் விளக்கக் கூட்டத்துக்கு வராதவள் எங்கள் கணக்கில் விலகியவள்தான்; தொழில்முறையில் பிழையே இல்லாத வாக்கியம். நானே எத்தனை அறிக்கைகளில் அதைப் படித்துவிட்டுப் பக்கம் புரட்டியிருக்கிறேன். அதன்பின் அந்த வாக்கியம் எங்கே வந்தாலும் அங்கே எனக்கு ஈரத் துணியோடு ஒரு பெண் நிற்பது தெரியும்.

முதல்வரிடம் போனேன். வருகைப்பதிவு போதாது, வேறு ஆள் சேர்ந்தாயிற்று, அந்தப் பெண்ணே விண்ணப்பித்தால் பார்க்கலாம் என்றார். அந்தப் பெண் விண்ணப்பிக்க மாட்டாள். மறுபடி ஒருமுறை மல்லாபூர் போனபோது அவள் அப்பா வாசலிலேயே நின்று கும்பிட்டார். "விட்ருங்க மேடம். பொண்ணு இப்பத்தான் பழையபடி சாப்பிடுது. நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு மொகமே சரியில்ல." அந்த மனிதரிடம் எந்த முகத்தோடு வாதாடுவது?

வாய்மொழித் தேர்வு நடந்தது. நான் துணை ஆசிரியர் என்பதால் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளித் தேர்வாளர் புரட்டிக்கொண்டே வந்து, "இந்த ஒருவர் ஏன் விலகினார்?" என்று கேட்டார். தற்செயலாகத்தான் கேட்டார். ஜோயல் என்னைப் பார்த்தான், ஹெச்.ஓ.டி.யைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அவன் அமெரிக்க விண்ணப்பத்துக்குப் பரிந்துரை எழுத வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருந்தார். "பெர்சனல் ரீசன்ஸ் சார்" என்றான்.

நான் எழுந்தேன். நடந்ததைச் சொன்னேன். உறை, தள்ளிப்போட்ட உண்மை, மாறுதல் தேர்வு, மாத்திரை கம்பெனி, எல்லாம். தேர்வாளர் சங்கடப்பட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். ஹெச்.ஓ.டி. முழுவதும் கேட்டார். குறுக்கே பேசவில்லை.

"நோட்டட்" என்றார். "தேநீர் வந்துவிட்டது, வாருங்கள்."

ஜோயலுக்கு நான்கு கிரெடிட்டும் முதல் தரமும் கிடைத்தன. கட்டுரை வெளிவந்தது, முதல் பெயர் ஹெச்.ஓ.டி.யுடையது. அடுத்த வருஷம் இண்டிபெண்டென்ட் ஸ்டடியை வேறொருவர் கையில் கொடுத்தார்கள். "மேடத்துக்கு ஓய்வு வேண்டும்" என்று காரணம். ஓய்வு பெறும்வரை முதலாண்டுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஜோயல் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவான். அவன் அங்கே பேராசிரியர். அவன் மாணவர்களிடம், அறையை விட்டுப் போகுமுன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது இரும்பு விதியாம். நல்லது. இங்கே, சிறந்த மாணவ ஆய்வுக்கு ஹெச்.ஓ.டி. பெயரில் ஒரு பதக்கம் கொடுக்கிறார்கள். மலரின் முதல் பக்கத்திலும் அவர் படம்தான் வருமாம். எனக்கு வயிறு எரிகிறது. எரியவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஆங்கிலப் பக்கத்தோடு நின்றிருப்பேன்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஓர் உறவினர் வீட்டு விசேஷத்துக்காக மல்லாபூர் பக்கம் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில், "மேடம்!" என்று ஒரு குரல். கலைவாணி. உடம்பு பூசியிருந்தது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. அதே கம்பெனியில் இப்போது பேக்கிங் பிரிவுக்கு மேற்பார்வையாளராம். பக்கத்தில் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் குழந்தை, மூன்றாவது படிக்கிறதாம். உண்மையான சந்தோஷத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிம்மா படிக்கறா?" என்று கேட்டேன். வாத்தியார் வாய், வேறென்ன கேட்கும்.

"மத்ததெல்லாம் பரவால்லீங்க மேடம். கணக்குதான் தலையில ஏற மாட்டேங்குது. எப்படி ஏறும்? என் பொண்ணுதானே. எனக்கு எப்படின்னுதான் உங்களுக்கே தெரியுமே, டெஸ்ட் வெச்சுப் பாத்தவங்களாச்சே" என்று சிரித்தாள்.

"கலைவாணி, அது பொய்ம்மா. நான் அன்னைக்கே வீட்டுக்கு வந்து சொன்னேனே."

"அட, விடுங்க மேடம். இன்னுமா அதயே நெனச்சிட்டு இருக்கீங்க?" வயதானவளை ஆறுதல்படுத்துகிற மாதிரி என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

நான் குனிந்து குழந்தையைப் பார்த்தேன். குழந்தை தமிழைப் புரிந்துகொள்கிறது, பதில் தெலுங்கில்தான் வருகிறது. எனக்குத் தெரிந்த தெலுங்கில் ஒரு கணக்கு போட்டேன். ஒரு பெட்டிக்கு இருபத்தஞ்சு மாத்திரை, உங்க அம்மா பன்னெண்டு பெட்டி கட்டினா எத்தனை? அது வானத்தைப் பார்த்தது, உதட்டைக் கடித்தது, உடனே "மூடு வந்தலு" என்றது. முன்னூறு. நான் கை தட்டினேன். குழந்தையின் முகம் மலர்ந்து அம்மாவைப் பார்த்தது.

"ஏதோ குருட்டாம்போக்குல சொல்லிருச்சு மேடம்" என்றாள் கலைவாணி. பாசத்தோடுதான், தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னாள்.

அவர்கள் பஸ் வந்தது. கலைவாணி குழந்தையைத் தூக்கிப் படியில் விட்டாள். இன்னொரு கணக்கு போடட்டுமா என்று நான் கீழேயிருந்து கேட்டேன். குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி, அம்மா சிரிக்கிற மாதிரியே சிரித்தது.

"நாக்கு லெக்கலு ராவு ஆன்ட்டி" என்றது. எனக்குக் கணக்கு வராது ஆன்ட்டி.